ஆகாசம் பார்க்காத கல்

அந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. கல்யாணப் பத்திரிகையில்கூட அதை அச்சடித்தார்கள். அதோடு சரி, அப்புறம் யாரும் அதை எடுத்துப் புழங்கவில்லை. எல்லாருக்கும் அவர் ஆகாசம். வானத்தைப் பார்க்கிற ஆள் என்பதால் வந்த பேர் என்று நினைத்துவிடாதீர்கள். அது மீசை முளைக்கிற வயசிலேயே ஒட்டிக்கொண்டது. அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்று இரண்டு வகை உண்டல்லவா, அதில் இரண்டாவது வகைக்கு இவர்தான் ராஜா என்று கூட வேலை பார்த்தவர்கள் முடிசூட்டி வைத்தது. முதல் வகையிலும் அவர் சளைத்தவர் இல்லை. பேர் நீளமாகிவிடுமே என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்று போவார். பின்பக்கம் எலி ஒயரைக் கடித்திருக்கும், அவ்வளவுதான். வெளியே வந்து சொல்லும்போது அந்த எலி பூனை அளவு வளர்ந்திருக்கும். தெருமுனைக்கு வருவதற்குள் அதற்குப் பெண்டாட்டி பிள்ளைகள் வந்திருப்பார்கள். சாயங்காலம் வீடு வந்து சேரும்போது, அந்த எலி அவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது சரிப்படாது, வேறு கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கும். கேட்கிறவர்களுக்கு அது புளுகு என்று தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். யாருக்கும் நஷ்டமில்லாத வியாபாரம்.

அவருடைய மனைவி வேலை பார்த்தது ஜெராக்ஸ் கடையில். உள்ளதை உள்ளபடி, ஒரு புள்ளி கூடாமல் குறையாமல் எடுத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. இந்த இரண்டு பேரையும் ஒரே கூரைக்கு அடியில் கொண்டுவந்து போட்டது யார் மூளையோ தெரியவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் ஆகாசம் எலிக்கதை சொல்லிக்கொண்டிருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் சமையலறை வாசலில் நின்றுகொண்டு அவள் விரலாலேயே அந்த எலியின் நிஜ அளவைக் காட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன ஒன்றைக்கூட அவள் முழுசாக நம்பியதில்லை. அதற்காகப் பிரியம் குறைந்ததும் இல்லை. சாப்பாட்டில் உப்பு தூக்கலாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி.

ஆகாசத்துக்கு ஒரே ஒரு குறை. அவர் ஆயுசில் பாதி ஃபிரிட்ஜுகளின் முதுகைப் பார்த்தே போயிற்று. சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்து, கம்ப்ரஸரில் காதை வைத்துக்கொண்டு, அங்கிருந்தபடியே கதை சொல்லுவார். வீட்டுக்காரர்கள் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டு "ம்" போடுவார்கள். சில நேரம் அதுவும் வராது. முகம் பார்த்துக் கேட்க ஆள் இல்லாமல், சொன்ன கதையெல்லாம் ஒட்டடையோடு ஒட்டிக்கொண்டது.

அப்படி இருக்கும்போதுதான் கண்ணாடிக்கடை அக்கா ஆள் அனுப்பினாள்.

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கீழே வரிசை வரிசையாக ஃபிரேம், எழுத்துப் பலகை, வாடிக்கையாளர் தன் மூஞ்சியைத் தானே மெச்சிக்கொள்ள ஆள் உயரக் கண்ணாடி. மேலே மொட்டைமாடியில் தள்ளிவிட்டால் நகர்கிற தகரக் கூரை. அதற்குக் கீழே தண்ணீர் டிரம் பருமனுக்கு ஒரு தொலைநோக்கி. பகலில் மற்றவர்களின் கண்ணைப் பார்த்துவிட்டு, இருட்டியதும் தன் கண்ணை வானத்துக்குக் கொடுத்துவிடுகிற ஜாதி அவள். அவளுக்கு ஒரு தொல்லை. தொலைநோக்கியில் மாட்டிய கேமரா சூடாகிச் சூடாகிப் படத்தில் இல்லாத இடத்திலெல்லாம் புள்ளி வைத்தது. எது நட்சத்திரம், எது கேமராவின் கற்பனை என்று தெரியவில்லை. கேமராவைக் குளிர வைக்க வேண்டும், முடியுமா என்று கேட்டாள்.

ஆகாசம் ஒரு பழைய குட்டி ஃபிரிட்ஜிலிருந்து குளிர்த்தகட்டைக் கழற்றி, பின்னால் சின்ன மின்விசிறி வைத்து, கேமராவின் முதுகில் கட்டிவிட்டார். பொய்ப் புள்ளிகள் ஓடிப்போயின. ஊரிலேயே பெரிய புளுகர் வந்து ஒரு கேமராவைப் பொய் சொல்லாமல் திருத்தினார் என்று அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி வானத்தில் பாதி நட்சத்திரத்துக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது, ஒன்று தும்மியதைத் தன் காதாலேயே கேட்டதாக ஆகாசம் சொன்னார். அக்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழுசாகக் கேட்டாள். அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க அவருக்கு மனசு வரவில்லை. அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். கூலி ஏதாவது பாக்கியா என்று அக்கா கேட்டாள். இல்லை, சும்மா வந்தேன் என்றார்.

குளிர வைத்த அந்தக் கேமராதான் கல்லைப் பிடித்தது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் லட்சக்கணக்கில் கற்கள் சூரியனைச் சுற்றிக்கொண்டு கிடக்கின்றன. குறுங்கோள் என்று படித்தவர்கள் சொல்வார்கள். அவற்றில் ஒரு புதுக் கல்லைக் கண்டுபிடிக்கிறது எப்படியென்றால், வானத்தின் ஒரே இடத்தைச் சற்று நேரம் விட்டு விட்டு மூன்று படம் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் அந்த மூன்றையும் மாற்றி மாற்றிக் காட்டினால் நட்சத்திரமெல்லாம் ஆணி அடித்த மாதிரி நிற்கும். கல் மட்டும் நடக்கும். ஒரு நாள் பட்டப்பகலில், கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போது, அக்கா கண்ணில் அப்படி ஒரு புள்ளி நடந்தது. அந்த நேரம் ஒரு பெரியவர் சோதனைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூணாவது வரியைப் படிக்கட்டுமா என்று கேட்டார். படிங்க என்றாள். படித்தார். மறுபடியும் கேட்டார். படிங்க என்றாள், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே. பெரியவருக்கு அந்த வரி மனப்பாடமாகிவிட்டது. இப்போது அவரைத் தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் ஒப்பிப்பார்.

ஒரு நாள் பார்த்தால் போதாது. வருஷக்கணக்கில் துரத்திக் கல் போகிற பாதையைச் சொல்ல வேண்டும், இதற்குமுன் வேறு யாரும் அதைக் கண்டதில்லை என்று உறுதியாக வேண்டும். அது சூரியனை ஒரு சுற்றுச் சுற்றவே நம் கணக்கில் ஐந்தரை வருஷம் எடுத்துக்கொள்கிற சோம்பேறி. கடைசியில் லாரிக்கு நம்பர் கொடுப்பது மாதிரி அதற்கும் ஒரு நம்பர் வந்தது, கண்டுபிடித்தவள் என்று அக்காவின் பேரும் ஏறியது. கடைக்கு வந்து போகிறவர்கள் யாரும் நம்பர் சொல்லிக் கூப்பிடவில்லை. கல் கருப்போ கருப்பு. மேலே விழுகிற வெளிச்சத்தில் முக்காலே மூணு வீசத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது என்று அக்கா கணக்குப் போட்டிருந்தாள். அதனால் அதற்குக் கரித்துண்டு என்று பேர்.

அதற்குள் கடையில் ஒரு கூட்டமே சேர்ந்திருந்தது. நூல் பிசகாத டெய்லர், பஸ் கண்டக்டர், மருந்துக்கடைக்காரர், ஆகாசம். ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கரித்துண்டைப் பற்றிப் பேசுவார்கள். பேசப் பேச அது அந்தக் கடையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. அதன் வெளிச்சம் கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து வரும். ஏன் என்பதற்கு டெய்லர் ஒரு பதில் வைத்திருந்தார். கல் நீளமான உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது. உருண்டுகொண்டே போகும்போது அகலப்பக்கம் நம்மைப் பார்த்தால் வெளிச்சம் கூடும், முனை நம்மைப் பார்த்தால் குறையும். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். டெய்லர் துணி வெட்டுகிற சுண்ணாம்புக் கட்டியால் கடைத் தரையில் அந்த உருளைக்கிழங்கை வரைந்தே காட்டிவிட்டார்.

வரைந்தால் போதுமா, அளவு எடுக்க வேண்டாமா. அதற்கும் ஒரு வழி உண்டு. எப்போதாவது இப்படிப்பட்ட கல் ஒரு நட்சத்திரத்துக்கு நேர் முன்னால் கடந்துபோகும். தெருவிளக்கை லாரி மறைக்கிற மாதிரி, கொஞ்ச நேரம் நட்சத்திரம் காணாமல் போகும், திரும்ப வரும். நாலைந்து பேர் வேறு வேறு ஊரில் உட்கார்ந்து, தன் தன் இடத்தில் எவ்வளவு நேரம் மறைந்தது என்று சொன்னால், ஒவ்வொருவர் கணக்கும் கல்லின் ஒரு கீற்று. கீற்றுகளை அடுக்கினால் உருவம் வந்துவிடும். டெய்லருக்கு இது ரொம்பப் பிடித்தது. மார்பு, இடுப்பு, தோள் என்று டேப் வைத்து அளக்கிற மாதிரிதானே என்றார்.

இதில்தான் ஆகாசத்துக்கு ஏற்கெனவே ஒரு கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. முன்னொரு தடவை வேறொரு கல் நட்சத்திரத்தை மறைத்தபோது அவரையும் ஓர் இடத்தில் உட்கார வைத்தார்கள். நட்சத்திரம் மறைந்தது என்னவோ உண்மை. அவர் வந்து சொல்லும்போது அது பச்சையாக மாறி, இரண்டு தடவை சுழன்று, ஒரு டீ குடிக்கிற நேரம் காணாமல் போயிருந்தது. அக்காவும் ஏமாந்து அந்த நேரத்தைக் கணக்கில் சேர்த்து, வெளியூரில் பெரிய தொலைநோக்கி வைத்திருக்கிறவர்களுக்கு அனுப்பிவிட்டாள். அப்படிப் பார்த்தால் அந்தக் கல் பூமிக்குத் தம்பி முறை ஆகிறதே, உங்கள் கடிகாரம் சரியா என்று அவர்கள் கேட்டு எழுதினார்கள். அக்கா அன்றைக்குச் சத்தம் போடவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஆகாசம் நாற்காலி எடுத்துப் போடுகிற வேலைக்கு மட்டும் வரட்டும், தொலைநோக்கியைத் தொட வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகச் சொன்னதுதான் அவருக்கு உறைத்தது.

கரித்துண்டே ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று செய்தி வந்தது. அதுவும் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி, கல் நம் பார்வைக்கு நடை தளர்ந்து, மறைவும் கொஞ்சம் நீளுகிற மாசத்தில். இன்னொரு தடவை இப்படி வாய்க்குமா தெரியாது. நெடுஞ்சாலை ஓரமாக வடக்கே பஸ் டிப்போவில் கண்டக்டர், அடுத்த ஊரில் டெய்லர், தெற்கே தண்ணீர்த்தொட்டி பக்கம் அக்கா, அதற்கும் தெற்கே மருந்துக்கடைக்காரர் என்று பிரித்துக்கொண்டார்கள். ஆகாசத்தை எங்கே வைப்பது என்று வந்தபோது டெய்லர்தான் யோசனை சொன்னார். நட்டநடுவில் வைத்துவிடலாம். உருளைக்கிழங்கின் வயிறு அங்கேதான் கடக்கும். அந்த இடத்தில் இருந்தால் யாராலும் கெடுக்க முடியாது, தூங்குகிறவனுக்குக்கூடத் தெரிந்துவிடும் என்றார். ஆகாசத்துக்குக் கோபம் வரவில்லை. நடு இடம் கிடைத்ததே என்று இருந்தது.

நட்சத்திரம் மறைந்தால் "போச்சு", வந்தால் "வந்துச்சு". இந்த இரண்டு வார்த்தை தவிர வேறு எதுவும் பேசக்கூடாது, செல்போன் அதைப் பதிவு செய்யும், பதிவில் நேரமும் ஓடும். செல்போனைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். மனைவி தானே வருவதாகச் சொன்னாள். அவர் வாயை நம்பி அந்தப் பொழுதைத் தனியாக விட அவளுக்குப் பயமாக இருந்தது. ஃபிரிட்ஜின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமையானால் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவதை அவள் பார்த்திருக்கிறாள். அது போய்விட்டால் என்ன ஆவார் என்று அவளுக்குத் தெரியும்.

இடம், லாரிகளை நிறுத்தி எடை போடுகிற மேடை. பொழுது சாய்ந்தால் மூடிவிடுவார்கள், வெளிச்சம் இருக்காது. ஆகாசம் முக்காலியில் சின்னத் தொலைநோக்கியை நிறுத்தினார். அக்கா அனுப்பிய நட்சத்திரப் படத்தை மனைவி ஜெராக்ஸ் கடையில் பெரிசாக்கி எடுத்து வந்திருந்தாள். அவளும் குனிந்து பார்த்து, படத்தோடு ஒவ்வொரு நட்சத்திரமாக ஒத்துப் பார்த்து, இதுதான் என்று சரி சொன்னாள். ஜெராக்ஸ்காரி கண்ணுக்குத் தப்பாது. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நேரம் நெருங்கியது. ஆகாசம் கண்ணைக் குழாயில் வைத்தார்.

வைத்தவர் வைத்தவர்தான். பேச்சில்லை. கல்யாணமாகி அவர் விழித்திருக்கும்போது அவள் அப்படி ஓர் அமைதியைக் கேட்டதே கிடையாது. சாப்பிடும்போது பேசுவார், பல் தேய்க்கும்போது பேசுவார், காய்ச்சல் வந்தால் இன்னும் கூடப் பேசுவார். இப்போது மூச்சு மட்டும் வந்தது. உட்கார்ந்தபடியே ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நினைத்தாள். பேசக்கூடாது என்பதை மறந்து, "என்னங்க" என்றாள். "என்னங்க, உடம்புக்கு என்ன பண்ணுது, சொல்லுங்களேன்" என்றாள். அவர் கண்ணை எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டி அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். நேரம் வந்தது, போனது. நட்சத்திரம் குத்துவிளக்குச் சுடர் மாதிரி அசையாமல் நின்றது. மறையவே இல்லை.

செல்போனில் ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. கண்டக்டருக்கு மறைந்தது. டெய்லருக்கு நன்றாகவே மறைந்தது, ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். அக்காவுக்கும் அதே மாதிரி. மருந்துக்கடைக்காரருக்குக்கூடக் கொஞ்சம் மறைந்தது. எல்லாரும் ஆகாசத்தின் செய்திக்குக் காத்திருந்தார்கள். அவர் தொலைநோக்கியை மடக்கி ஸ்கூட்டரில் கட்டினார். வழி பூராவும் பேசவில்லை. அவர் தோளில் வைத்த கையை அவள் வீடு வரைக்கும் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் கடையில் கூடினார்கள். ஒன்றும் தெரியவில்லை என்று ஆகாசம் சொன்னதும் முதலில் சிரித்தார்கள், கதை இனிமேல்தான் வரப்போகிறது என்று நினைத்து. வரவில்லை என்றானதும் சிரிப்பு அடங்கியது. டெய்லர் பதிவைப் போடச் சொல்லிக் கேட்டார். அதில் பூச்சிச் சத்தமும், மூச்சும், மனைவியின் குரலும்தான் இருந்தன. வேறு நட்சத்திரத்தைப் பார்த்திருப்பார், கண் அசந்திருப்பார் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வடக்கேயும் மறைந்திருக்கிறது, தெற்கேயும் மறைந்திருக்கிறது, நடுவில் மட்டும் எப்படி மறையாமல் போகும். உருளைக்கிழங்குக்கு வயிறு இல்லாமல் போகுமா.

டெய்லர் கெட்டவர் இல்லை. ஆகாசத்தின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"அண்ணே, கண்ணு ஒரு தடவ சிமிட்டிருக்கும், யாருக்குத்தான் சிமிட்டாது. எங்க ரெண்டு பக்கத்துக் கணக்க வெச்சு நடுவுல எவ்ளோன்னு நானே போட்டுக்கறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சரின்னு தலைய மட்டும் ஆட்டுங்க, போதும். இல்லன்னா இனிமே நடுவுல கண்டக்டரத்தான் உக்கார வைக்கணும். எனக்கு மட்டும் அது சந்தோஷமா?"

எல்லாரும் ஆகாசத்தின் தலையையே பார்த்தார்கள். ஆயுசு பூராவும் கேட்காமலேயே கதை சொன்ன மனுஷனிடம், கதைகூட வேண்டாம், தலையை மட்டும் ஆட்டு என்கிறார்கள். ஆட்டினால் ஞாயிற்றுக்கிழமை பத்திரம். அக்கா கையிலிருந்த லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"டெய்லரே," என்றார் ஆகாசம், "நான் அளக்காத அளப்பா? கொசுவ ஆனையாக்கிருக்கேன், இல்லேங்கல. ஆனா ஒரு கொசுவாவது இருந்தாத்தானே ஆனையாக்க முடியும்? அங்க கொசுவே இல்லப்பா."

தலை ஆடவில்லை.

அப்போது வாசல் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்தாள். அந்தக் கூட்டத்தில் அவள் அதுவரைக்கும் வாய் திறந்ததில்லை.

"அண்ணே, இவரோட குடித்தனம் பண்றவ நான். இவரு சொன்ன எதையும் நான் நம்பினதில்ல, அது இவருக்கே தெரியும். எலியப் பாத்தா ஆனைன்னுவாரு. எலியே வராட்டியும், இப்பத்தான் வந்துட்டுப் போச்சு, நீ பாக்கலன்னுவாரு. பொய் சொல்றதுன்னா இவருக்கு இவ்ளோ உப்புச்சப்பில்லாம சொல்ல வராதுண்ணே. ஒண்ணும் தெரியலன்னு இவரு வாயால சொல்றாருன்னா, அங்க சத்தியமா ஒண்ணும் தெரியல."

அக்கா லென்ஸைக் கீழே வைத்தாள். லென்ஸில் குறி வைக்கிற பேனாவை எடுத்துக்கொண்டு நேராக ஆள் உயரக் கண்ணாடிக்குப் போனாள். மேலே கண்டக்டரின் கீற்று, சின்னது. அதற்குக் கீழே டெய்லருடையது, நீளம். அப்புறம் ஆகாசத்தின் இடம், அங்கே பேனா தொடவில்லை. அதற்குக் கீழே தன்னுடையது, நீளம். கடைசியில் மருந்துக்கடைக்காரருடையது, சின்னது. தள்ளி நின்று பார்த்தாள். எல்லாவற்றையும் சேர்த்து ஓர் உருளைக்கிழங்கு வரையப் போனாள், கை நின்றது. மேலே இருந்த இரண்டு கீற்றையும் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். கீழே இருந்த இரண்டையும் சுற்றி இன்னொரு வட்டம். நடுவில் இடைவெளி.

கண்டக்டர்தான் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது உங்க கடைச் சரக்கு மாதிரியில்ல இருக்கு" என்றார்.

அது மூக்குக்கண்ணாடியேதான். கண்ணாடி விற்றே தலை நரைத்தவள் வருஷக்கணக்கில் அதை உருளைக்கிழங்கு என்று நம்பியிருக்கிறாள். கரித்துண்டு ஒன்றில்லை, இரண்டு. ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு கற்கள், நடுவில் வெற்றிடம் விட்டு, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போகின்றன. ஒன்று இன்னொன்றின் பின்னால் மறைகிறபோது வெளிச்சம் குறைகிறது, விலகி நிற்கிறபோது கூடுகிறது. ஆகாசம் உட்கார்ந்திருந்தது வயிற்றுக்கு நேராக இல்லை, மூக்குத்தண்டுக்கு நேராக. நிழல் அவருக்கு இந்தப் பக்கமும் போயிற்று, அந்தப் பக்கமும் போயிற்று, அவர்மேல் விழவில்லை.

டெய்லர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். வடக்கே மறைந்த நேரமும் தெற்கே மறைந்த நேரமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் ராத்திரி பூராவும் அவரைப் படுத்தியிருந்தன, உருளைக்கிழங்கை எந்தப் பக்கம் சாய்த்தாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டது. இரண்டு வட்டமாக வைத்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. அவர் எழுந்துபோய்த் தரையிலிருந்த சுண்ணாம்பு உருளைக்கிழங்கைச் செருப்புக் காலால் தேய்த்தார். ரெண்டு ஆளுக்கு ஒரே சட்டை தெச்சு வெச்சிருக்கேன், என் பொழப்பு சிரிக்குது என்று ஆகாசத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் கடைக்குள் எல்லாரும் நம்பினால் ஆயிற்றா. பெரிய தொலைநோக்கி வைத்திருக்கிறவர்களுக்கு அக்கா விவரமாக எழுதினாள். இரட்டைக்கல் என்று சும்மா சொல்லிவிட முடியாது, முழுக்கதையும் ஒரே ஒருவர் ஒன்றும் பார்க்கவில்லை என்பதில் நிற்கிறது, அந்த ஆள் நம்பத்தக்கவரா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். ஆனால் ஆகாசத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பழைய தப்புக் கணக்கும் அதே விலாசத்துக்குத்தான் போயிருந்தது. அக்கா என்ன எழுதினாள் என்று யாருக்கும் காட்டவில்லை. ரொம்ப நாள் கழித்து டெய்லர் நச்சரித்துக் கேட்ட பிறகு சொன்னாள். "இந்த மனிதர் எதையும் குறைத்துச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை" என்று எழுதினாளாம்.

பதில் வர மாசங்கள் ஆயின. அத்தனை நாளும் ஆகாசம் ஃபிரிட்ஜுகளுக்குப் பின்னால் பேசாமல் வேலை பார்த்தார். வீட்டுக்காரர்களே டிவியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். கடைசியில் அந்த வெளியூர்க்காரர்கள் பெரிய தொலைநோக்கியை ஒரு நாள் கரித்துண்டின் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். இரண்டு புள்ளி, தனித்தனியாக, நடுவில் இருட்டு. படமே அனுப்பிவிட்டார்கள். செய்தியை அக்கா செல்போனில் சொல்லவில்லை, கடையைப் பூட்டிவிட்டு நேரில் வந்தாள். ஆகாசம் ஒரு கல்யாண மண்டபத்துப் பெரிய ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்தார், கால் மட்டும் வெளியே தெரிந்தது. அக்கா அந்தக் காலிடமே விஷயத்தைச் சொன்னாள். கால் அப்படியே நின்றது. கொஞ்சம் கழித்து உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. கேஸ் கசிகிறது, கண்ணெல்லாம் எரிகிறது என்று ஆகாசம் சொன்னார். கேஸ் ஒன்றும் கசியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார இடமில்லை. புதிதாக நாலைந்து பேர் சேர்ந்திருந்தார்கள், மருந்துக்கடைக்காரர் தன் மாமனாரையே கூட்டிவந்துவிட்டார். அடுத்த தடவை நடு இடம் யாருக்கு என்ற பேச்சே எழவில்லை. அது ஆகாசத்துக்கு என்று டெய்லர் முதலிலேயே அறிவித்துவிட்டார். பிறகு எல்லாரும் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அன்றைக்கு என்ன நடந்தது, நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். அத்தனை முகம், அத்தனையும் அவரைப் பார்த்தபடி.

ஆகாசம் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "பாத்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் தெரியல" என்றார். அவ்வளவுதான். கூட்டம் காத்திருந்தது. அவரும் நின்று பார்த்தார், வேறு எதுவும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

மருந்துக்கடைக்காரரின் மாமனார், இதுக்காகவா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே என்கிற மாதிரி மருமகனைப் பார்த்தார்.

ஆகாசத்தின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "இவருக்குச் சரியாச் சொல்ல வரல, நான் சொல்றேன்" என்று எழுந்து நடுவில் வந்து நின்றாள். எடைமேடையில் ஈ காக்கா இல்லை என்று நிதானமாகத்தான் ஆரம்பித்தாள். பூச்சிச் சத்தத்தைச் சொன்னாள், மூச்சுச் சத்தத்தைச் சொன்னாள். அந்த அமைதியைச் சொல்ல வரும்போது அவளுக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. அரை மணி நேரம் அந்த மனுஷன் கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருந்தார் என்றாள். பூச்சிகூட வாயை மூடிக்கொண்டது என்றாள். சாலையில் போன லாரிக்காரர்கள் என்னவோ ஏதோ என்று வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கி வரிசையாகக் கைகட்டி நின்றார்கள் என்றாள். மாமனார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

ஆகாசம் மெல்ல அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"ஏம்மா, லாரி எதுவும் வரலியே. நேரமும் கொஞ்சந்தான் ஆச்சு."

"நீங்க சும்மா இருங்க, உங்களுக்கு ஒண்ணுந்தான் தெரியலியே" என்று தலைப்பை விடுவித்துக்கொண்டு, அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "அதுல ஒரு டிரைவரு பாருங்க, ஏழடி உசரம்..."

ஆகாசம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த டிரைவர் அப்புறம் என்ன செய்தான் என்று கேட்க உட்கார்ந்தார்.